தளப்பயணிகளின் கப்பலும் படைவீரர்களின் கப்பலும்: ‘ரோனா’ – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழர் புலம்பெயர்வு வரலாறு பெரும்பாலும் புறப்பட்ட ஊரையும் சென்று சேர்ந்த தோட்டத்தையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. கங்காணி முறை, ஒப்பந்தக்கூலி முறை, தோட்ட வாழ்வு ஆகியன குறித்து விரிவான ஆய்வுகள் பல உள்ளன. இவ்விரு கரைகளையும் இணைத்த கப்பல், ஆய்வுப் பொருளாக அத்துணைக் கவனம் பெறவில்லை. கப்பலின் கட்டுமானம், அதில் ஒரு மனிதருக்கென ஒதுக்கப்பட்ட இடம், அதனை ஆண்ட சட்டம், அது கைமாறிய விதம் ஆகியவையும் வரலாற்றுச் சான்றுகளே.

இந்நோக்கில், சென்னை – நாகப்பட்டினம் – பினாங்கு – சிங்கப்பூர் வழித்தடத்திற்கெனக் கட்டப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் படைக்கப்பலாக மாற்றப்பட்டு, 1943ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட ‘ரோனா’ என்னும் கப்பலின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அதன் உடன்பிறப்புக் கப்பலும் தமிழர் நினைவில் ஆழப் பதிந்ததுமான ‘ரஜூலா’ ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அமெரிக்க வரலாற்றில் ரோனா ஒரு பேரிழப்பின் பெயர். தமிழர் வரலாற்றில் அப்பெயர் ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது. அக்கப்பல் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை அறியாமல் அதன் முடிவை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நிறுவனமும் வழித்தடமும்

ரோனாவின் உரிமையாளர் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனம். 1856இல் கல்கத்தா – பர்மா நீராவிக் கப்பல் நிறுவனம் எனத் தொடங்கி, 1862இல் இப்பெயர் பெற்று, 1914இல் பி அண்டு ஓ குழுமத்துடன் இணைந்த இந்நிறுவனம், இந்தியப் பெருங்கடலின் பயணிகள் போக்குவரத்தில் பெரும்பங்கைத் தன் கையில் வைத்திருந்தது. தமிழ்நாட்டு வரலாற்றில் இதன் பெயர் மற்றொரு வகையிலும் அறிமுகமானதே. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தூத்துக்குடி – கொழும்பு வழித்தடத்தில் அவர் எதிர்கொண்ட போட்டியாளர் இந்நிறுவனமே. கட்டணக் குறைப்பாலும் அரசின் அடக்குமுறையாலும் சுதேசி முயற்சி வீழ்த்தப்பட்டதன்பின், தமிழகக் கடற்கரையின் பயணிகள் போக்குவரத்தில் அதற்கு வலுவான இந்தியப் போட்டி நீண்ட காலம் எழவில்லை.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள்திரட்டும் பணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரைவுபெற்றது. 1910இல் ஒப்பந்தக்கூலி முறை மலாயாவில் முடிவுக்கு வந்தது. 1907இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டித் தொழிலாளரின் கப்பல் செலவை ஏற்றது. 1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பின்னர் ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இடங்களில் இருந்த முகாம்களின் வழியே தொழிலாளர் பதிவும் மருத்துவச் சோதனையும் முடித்துக் கப்பலேற்றப்பட்டனர். 1920களின் நடுவில் இரப்பர் விலை உயர்ந்தபோது ஆள்தேவை உச்சத்தை எட்டியது. ரோனாவும் ரஜூலாவும் நீரில் இறக்கப்பட்டது அந்த 1926ஆம் ஆண்டில்தான்.

ரோனா இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையிலுள்ள ஹெப்பர்னில், ஹாதார்ன் லெஸ்லி தளத்தில் கட்டப்பட்டது. மொத்தக் கொள்ளளவு 8,602 டன். ரஜூலா கிளாஸ்கோ நகரில் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டது, 8,478 டன். நிறுவனத்தின் மரபுப்படி இரண்டிற்கும் ‘ஆ’ ஒலியில் முடியும் பெயர்களே சூட்டப்பட்டன. ரோனா அன்றைய பஞ்சாபின் சோனிபத் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர். ரஜூலா குஜராத்திலுள்ள ஓர் ஊர். தமிழரைச் சுமக்கக் கட்டப்பட்ட இக்கப்பல்களின் பெயர்களுக்கும் தமிழ் நிலத்திற்கும் தொடர்பில்லை என்பது கருதத்தக்கது.

தளப்பயணி என்னும் அளவுகோல்

இக்கப்பல்களின் தனித்தன்மை அவற்றின் பயணிகள் எண்ணிக்கையில் உள்ளது. முதல் இரு வகுப்புகளுக்கெனச் சில அறைகளே இருந்தன. ஆனால் தளப்பயணிகளாக ஐயாயிரம் பேர் வரை ஏற்றிச்செல்ல இக்கப்பல்கள் சான்றிதழ் பெற்றிருந்தன. கப்பலின் அளவோடு ஒப்பிட, அக்காலத்தில் இது மிகப் பெரிய எண்ணிக்கை ஆகும்.

தளப்பயணி என்பவர் படுக்கையோ அறையோ இன்றிப் பயணம் செய்பவர். கப்பலின் மேல்தளத்திலும் இடைத்தளங்களிலும் தாம் கொண்டுவந்த பாயை விரித்த இடமே அவரது இடம். சட்டமொழி இவரைப் ‘படுக்கையற்ற பயணி’ எனச் சுட்டியது. ஆள்தலைக்கு இத்தனை சதுர அடி என்று தளப்பரப்பை அளந்து, அதனை வகுத்துப் பயணிகள் எண்ணிக்கை முடிவுசெய்யப்பட்டது. சரக்குக்கான இடம் கணக்கிடப்படுவதற்கும் இம்முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தோட்டத் தொழிலாளர் மட்டுமன்றிச் சிறுவணிகர், கடைச் சிப்பந்திகள், உறவினரைக் காணச் செல்வோர் எனப் பலரும் தளப்பயணிகளாகவே சென்றனர்.

கடற்பாதுகாப்புச் சட்டத்திலும் இவ்வேறுபாடு இடம்பெற்றது. ‘டைட்டானிக்’ பேரிடருக்குப் பின்னர், கப்பலில் உள்ள அனைவருக்கும் உயிர்காப்புப் படகில் இடம் வேண்டும் என்னும் கொள்கை உலகளவில் ஏற்கப்பட்டது. 1929ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை அதனை விதியாக்கியபோதே, பெருந்திரளான படுக்கையற்ற பயணிகளை ஏற்றும் கப்பல்களுக்கு விலக்களிக்கவும் இடம் வைத்தது. ஹஜ் பயணிகளின் கப்பல்களும் இவ்விலக்கினுள் அடங்கின. அவ்விலக்கின் அடிப்படையில் 1931இல் சிம்லா விதிகள் வகுக்கப்பட்டன. முழுவிதியைச் செயற்படுத்துவது இத்தகைய கப்பல்களில் நடைமுறைக்கு ஒவ்வாது என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். அட்லாண்டிக் கடலில் செல்பவரின் உயிருக்கும் வங்காள விரிகுடாவில் செல்பவரின் உயிருக்கும் சட்டமே இருவேறு அளவுகோல்களை வைத்திருந்தது என்பதை இதனால் அறியலாம்.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் மலாயாவைத் தாக்கியபோது கப்பல்களின் போக்குவரத்துத் திசை மாறியது. 1930 முதல் 1932 வரை தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். பின்னர் நிலை சற்றுச் சீரடைந்து ஆள்திரட்டல் தொடர்ந்தது. 1938 ஜூன் மாதம் இந்திய அரசு, உதவித்தொகையுடன் கூடிய தொழிலாளர் குடிபெயர்வை மலாயாவிற்குத் தடைசெய்தது. இக்கப்பல்கள் எந்தத் தேவைக்காகக் கட்டப்பட்டனவோ அத்தேவை பன்னிரண்டே ஆண்டுகளில் பெருமளவு மறைந்தது எனலாம்.

படைக்கப்பலாதல்

1940இல் பிரித்தானிய அரசு ரோனாவைப் படைப் போக்குவரத்திற்காகக் கைப்பற்றியது. போர்க்காலத்தில் பயணிகள் கப்பல்கள் இவ்வாறு கைப்பற்றப்படுவது வழக்கமே. ‘குயின் மேரி’, ‘குயின் எலிசபெத்’ போன்ற பெருங்கப்பல்களின் கதை பலரும் அறிந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பயணிகளுக்கென அமைந்த குயின் மேரி, 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்தது. அறைகளும் கூடங்களும் படுக்கை அடுக்குகளாயின. ஆடம்பரக் கப்பல் நெரிசல் மிக்கதாக மாறியதே அக்கதையின் சாரம்.

ரோனாவின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அமைதிக் காலத்தில் ஐயாயிரம் பேர்வரை ஏற்ற உரிமம் பெற்றிருந்த அக்கப்பல், 1943 நவம்பரில் தன் இறுதிப் பயணத்தில் ஏற்றிச் சென்ற அமெரிக்கப் படைவீரர்கள் ஏறத்தாழ இரண்டாயிரவர். அவர்களுக்கே கப்பல் மிக நெரிசலாகவும் பழுதுற்றதாகவும் தோன்றியதை உயிர்தப்பியோரின் நினைவுக் குறிப்புகள் ஒருமுகமாகப் பதிவுசெய்கின்றன. அக்கூற்று மிகையன்று. ஆனால் அதே இடைத்தளங்களில் அதனினும் மிகுதியான எண்ணிக்கையில் குடும்பங்களை ஏற்றிச்செல்வதற்குச் சட்டம் இசைவளித்திருந்தது. இந்த ஒப்பீடு அந்நினைவுக் குறிப்புகளுக்கு எட்டாத ஒன்று. மலாயா சென்ற தமிழரின் பயண அனுபவத்தை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு, அமெரிக்க வீரர்களின் குறைகூறல்கள் மறைமுகச் சான்றாகப் பயன்படுகின்றன.

படுக்கையற்ற பயணிகளுக்கான கப்பலைப் படைக்கப்பலாக்குவது எளிது என்பதும் இங்குச் சுட்டத்தக்கது. திறந்த இடைத்தளங்கள், பெருந்திரளுக்குச் சமைக்கும் அடுக்களைகள், கூட்டமாக ஏற்றி இறக்கும் வழக்கம் ஆகியன முன்பே அமைந்திருந்தன. கூலிக்கப்பலின் அமைப்பு படைக்கப்பலின் அமைப்பாகப் பெரிய மாற்றமின்றிப் பொருந்தியது. இரண்டுமே மனிதரை எண்ணிக்கையாகக் கொண்டு கணக்கிட்டவை.

1943 நவம்பர் 26

1943 நவம்பர் 25 அன்று அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ரோனா, பிரிட்டனிலிருந்து வந்த கே.எம்.எஃப். 26 என்னும் கப்பல் அணியுடன் சேர்ந்து கிழக்கு நோக்கிச் சென்றது. அதிலிருந்த அமெரிக்க வீரர்கள் சீன – பர்மா – இந்தியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர்கள். விமானத்தளங்கள் அமைக்கும் 853ஆம் வான்படைப் பொறியாளர் பட்டாலியன் அவர்களுள் முதன்மையானது. இந்தியாவிலிருந்து மக்களை வெளியே கொண்டுசெல்லக் கட்டப்பட்ட கப்பல், இம்முறை பிறரை இந்தியாவை நோக்கிக் கொண்டுவந்தது.

மறுநாள் பிற்பகல், அல்ஜீரியக் கடற்கரையின் பூஜி துறைமுகத்திற்கு அப்பால், ஜெர்மானிய வான்படை அணியைத் தாக்கியது. ஹெய்ன்கெல் 177 வகை விமானமொன்று செலுத்திய ஹென்ஷெல் 293 ரக எறிபடை ரோனாவின் இடப்புறத்தைத் துளைத்தது. இது வானொலி அலைகளின்மூலம் விமானத்திலிருந்தே இலக்கை நோக்கி வழிநடத்தப்படும் குண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் முதன்முதலில் போரில் பயன்படுத்தப்பட்டது. பிற்கால வழிநடத்து ஏவுகணைகளின் முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. இயந்திர அறைப் பகுதியில் நிகழ்ந்த வெடிப்பால் மின்னோட்டமும் நீரிறைப்பும் நின்றன, தீ பரவியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது.

கப்பலில் 22 உயிர்காப்புப் படகுகள் இருந்தன. அவற்றுள் ஆறு வெடிப்பிலேயே அழிந்தன. எஞ்சியவற்றிலும் எட்டு மட்டுமே நீரில் இறக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை கூட்டம் தாங்காமல் நீர் நிறைந்தும் கவிழ்ந்தும் பயனற்றுப் போயின. படகுகளைத் தாங்கிய கருவிகள் துருவேறி இறுகியிருந்ததாக உயிர்தப்பியோர் கூறியுள்ளனர். கடல் கொந்தளிப்பாக இருந்தது, இருள் சூழ்ந்துகொண்டிருந்தது, நீர் குளிர்ந்திருந்தது. இடுப்பில் கட்டும் காற்றடைத்த மிதவைப் பட்டைகளை அணியும் முறையில் போதிய பயிற்சியின்மையால், நீரில் குதித்தவர் பலர் தலைகுப்புறக் கவிழ்ந்து இறந்தனர். அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பலான ‘பயனியர்’ இரவு முழுவதும் தேடி அறுநூறு பேரைக் காப்பாற்றியது. பிரித்தானியப் போர்க்கப்பல் ‘ஆதர்ஸ்டோன்’, சரக்குக் கப்பல் ‘கிளான் கேம்பெல்’ ஆகியனவும் மீட்பில் ஈடுபட்டன.

இறந்த அமெரிக்கப் படைவீரர்கள் 1,015 பேர். 853ஆம் பட்டாலியன் மட்டும் 495 பேரை இழந்தது. கப்பல் பணியாளரையும் சேர்க்க, மொத்த உயிரிழப்பு 1,100ஐத் தாண்டுகிறது. எதிரியின் தாக்குதலால் கடற்பயணத்தில் அமெரிக்கத் தரைப்படையினர் ஒரே நிகழ்வில் இத்துணைப் பேர் மாண்டது வேறெப்போதும் இல்லை. உயிர்தப்பியோரிற் பலர் பின்னர் இந்தியா வந்து பணியாற்றினர்.

பணியாளர் மீதான குற்றச்சாட்டு

ரோனாவின் அலுவலர்கள் பிரித்தானியரும் ஆஸ்திரேலியரும் ஆவர். ஏனைய பணியாளரிற் பெரும்பாலோர் ‘லஸ்கர்’ எனப்பட்ட இந்திய மாலுமிகள். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரித்தானிய வணிகக் கப்பற்படையின் பணியாளருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இத்தகையோரே. ஐரோப்பிய மாலுமிகளைவிட மிகக் குறைந்த ஊதியமும் குறைந்த தங்குமிடமும் இவர்களுக்கு ஒப்பந்தத்திலேயே விதிக்கப்பட்டிருந்தன. போர் தொடங்கிய 1939இன் இறுதியில் இலண்டன் முதலிய துறைமுகங்களில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு கோரினர், பலர் சிறையிடப்பட்டனர்.

ரோனா மூழ்கியதைப் பற்றிய அமெரிக்க நினைவுக் குறிப்புகள் சிலவற்றில் ஒரு குற்றச்சாட்டு திரும்பத்திரும்ப வருகிறது. இந்தியப் பணியாளர் வீரர்களைக் கைவிட்டுத் தாமே முதலில் படகுகளில் ஏறினர் என்பது அது. தனிநிகழ்வுகளாகச் சிலர் கண்டதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் முழுப் பணியாளர் மீதும் சுமத்தப்படும் பழியாக அதனை ஏற்க எண்ணிக்கைகள் இடந்தரவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் வீரர்களுள் சற்றொப்ப பாதிப்பேர் இறந்தனர். ஏறத்தாழ இருநூறு பணியாளருள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்திச்சென்று தப்பியவர்கள் எனக் கூறப்பட்ட கூட்டத்தின் இறப்பு விகிதம், கைவிடப்பட்டதாகக் கூறப்பட்ட கூட்டத்தின் விகிதத்தைவிடக் குறைவாக இல்லை. குண்டு இயந்திர அறைப் பகுதியில் வெடித்ததையும், அங்குப் பணியாற்றியோரில் இந்தியரே மிகுதி என்பதையும் இத்துடன் இணைத்துக் காண வேண்டும். படகுக் கருவிகள் துருவேறியிருந்தமைக்கான பொறுப்பு பராமரிப்பைத் தீர்மானித்தவர்களைச் சாரும். கப்பலின் கடைநிலைப் பணியாளரை மட்டும் அதற்குப் பொறுப்பாக்குதல் பொருந்தாது.

சான்றுகளின் சமனின்மையும் இங்குக் கருதத்தக்கது. உயிர்தப்பிய அமெரிக்கர் எழுதினர், அவர்களிடம் பேட்டிகள் எடுக்கப்பட்டன, சங்கம் அமைத்தனர். உயிர்தப்பிய லஸ்கர்களின் கூற்றுகள் அவ்வாறு திரட்டப்படவில்லை. ஒரு தரப்பின் சொல் மட்டுமே எஞ்சியிருக்கும் நிலையில், எண்களே மறுதரப்பின் சாட்சியாக அமைகின்றன.

மறைப்பும் நினைவும்

புதிய ஆயுதத்தின் வெற்றியை எதிரி அறிந்துவிடலாகாது என்பதால் இந்நிகழ்வு உடனடியாக மறைக்கப்பட்டது. 1944 பிப்ரவரியில், ஐரோப்பியக் கடற்பகுதியில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தனர் என்று மட்டும் அமெரிக்கா அறிவித்தது; கப்பலின் பெயரும் ஆயுதத்தின் வகையும் வெளியிடப்படவில்லை. போருக்குப் பின்னரும் இது பொதுமக்களின் கவனத்திற்கு வரவில்லை. 1990களில் உயிர்தப்பியோரும் இறந்தோரின் குடும்பத்தினரும் எடுத்த முயற்சியால் நிலை மாறியது. 1996இல் அலபாமா மாநிலத்தில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இறந்தோரைப் போற்றும் தீர்மானத்தை நிறைவேற்றியது.

இந்தியப் பணியாளரின் நினைவு வேறுவகையில் அமைந்தது. பிரித்தானிய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் இலண்டன் டவர் ஹில் நினைவுச்சின்னத்தில் கப்பல்வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்த இந்திய மாலுமிகள் ஏறத்தாழ ஆறாயிரவரின் பெயர்கள் நினைவேட்டில் எழுதப்பட்டு, ஒரே வடிவிலான இரு படிகளாக மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டன. கல்லில் பொறித்த பெயரைக் கடந்து செல்பவர் காண்பர். ஏட்டிலுள்ள பெயரைத் தேடிச் செல்பவரே காண்பர்.

கப்பல் இல்லாத கடல்

ரோனா மத்தியதரைக் கடலில் இயங்கிய ஆண்டுகளில், அதன் பழைய வழித்தடமே இல்லாமற்போயிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டத் தமிழர்கள் தாயகத்துடன் தொடர்பற்றுப் போயினர். 1930இல் மந்தம் வந்தபோது அவர்களை ஏற்றிவரக் கப்பல் இருந்தது, 1942இல் இல்லை. சயாம் – பர்மா இருப்புப்பாதைப் பணிக்குப் பல்லாயிரம் தமிழர்கள் ஆசைகாட்டியும் வலிந்தும் கொண்டுசெல்லப்பட்டு, காலராவாலும் பசியாலும் கடும் உழைப்பாலும் பெருந்தொகையில் மாண்டனர். அப்பாதை 1943 அக்டோபரில் நிறைவுற்றது. அடுத்த மாதம் ரோனா மூழ்கியது.

இவ்விரு நிகழ்வுகளுக்கிடையே நேரடிக் காரணத் தொடர்பு இல்லை. ஆயினும் அக்கப்பலின் பழைய பயணிகளும் அக்கப்பலும் ஒரே போரில், ஒரே காலத்தில், வெவ்வேறு பேரரசுகளின் தேவைக்காகப் பயன்படுத்தப்பட்டனர் என்பது வரலாற்று உண்மை. இருப்புப்பாதையில் மாண்ட தமிழரின் துயரம் மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலில் இலக்கியப் பதிவு பெற்றது. ரோனாவிற்கு அத்தகைய பதிவு தமிழில் அமையவில்லை.

ரஜூலாவின் எஞ்சிய வாழ்வு

ரஜூலாவும் போர்க்காலத்தில் படைக்கப்பலாகப் பணியாற்றியது. ஆனால் போரிலிருந்து மீண்டது. பின்னர் பழைய வழித்தடத்திற்கே திரும்பியது. 1950களில் மலாயாவும் சிங்கப்பூரும் குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபின், அதன் பயணிகள் மாறினர். புதிய கூலிகளுக்கு மாறாக, விடுமுறையில் ஊர் திரும்புவோர், வணிகர், மணமுடித்துச் செல்லும் பெண்கள், முதுமையில் தாயகம் மீள்வோர் ஆகியோரே மிகுதியாகப் பயணம் செய்தனர். அனுமதிக்கப்பட்ட தளப்பயணிகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. 1973இல் இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு ‘ரங்கத்’ எனப் பெயர் மாற்றப்பட்ட அது, 1974இல் உடைக்கப்பட்டது. அவ்வழித்தடத்தில் தொடர்ந்து இயங்கிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்குள்ளானதுடன் தமிழகம் – மலேசியா – சிங்கப்பூர்ப் பயணிகள் கப்பற்போக்குவரத்தின் ஒரு காலகட்டம் முடிவுற்றது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் குடும்ப நினைவுகளில் ரஜூலா என்ற பெயர் இன்றும் வாழ்கிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அப்பெயரைக் கேட்ட தலைமுறைகள் இருந்தமை அதற்குக் காரணம். பதினான்கு ஆண்டுகளே அவ்வழித்தடத்தோடு தொடர்புற்றிருந்த ரோனா அந்நினைவிலிருந்து நழுவியது. ஒரே வடிவினவாய் ஒரே ஆண்டில் கட்டப்பட்ட இரு கப்பல்களுள் ஒன்று தமிழரின் நினைவிலும் மற்றொன்று அமெரிக்கரின் நினைவிலும் தங்கின.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ரோனா படைக்கப்பலாகப் பயன்பட்டதற்கு அதன் கூலிக்கப்பல் அமைப்பே அடிப்படை. இரண்டாவதாக, இரண்டாயிரம் வீரர்களுக்கு நெரிசலாக இருந்த கப்பலில் ஐயாயிரம் தளப்பயணிகளுக்கு உரிமம் வழங்கப்பட்டிருந்தமை, காலனிய அரசு தமிழ்ப் பயணிகளின் உடலுக்கும் உயிருக்கும் வைத்த மதிப்பை அளந்து காட்டுகிறது. மூன்றாவதாக, இந்தியப் பணியாளர் மீதான பொதுப்பழியை இறப்பு எண்ணிக்கைகள் ஆதரிக்கவில்லை.

துறைமுகப் பதிவேடுகள், பயணிகள் சான்றிதழ்கள், மாலுமிகளின் ஒப்பந்தங்கள், மும்பையிலுள்ள நினைவேடு ஆகியவற்றைத் தமிழ்ப் புலம்பெயர்வு ஆய்வோடு இணைத்து நோக்கும் பணி தொடரப்பட வேண்டும். தோட்டப்புற நாட்டார் பாடல்களில் வரும் கப்பல் பற்றிய குறிப்புகளையும், வாய்மொழி நினைவுகளில் எஞ்சியுள்ள கப்பற் பெயர்களையும் அச்சான்றுகளுடன் ஒப்பிட்டால், நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கும்வரை இடைப்பட்ட நாட்களில் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாவிற்குத் தெளிவான விடை கிடைக்கும்.